உங்களுக்குத் தெரியுமா? ஆவடிக்கு அருகே ஒரு டச்சுத் தலைநகரம்!

ஆவடி, பூந்தமல்லி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரிக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிறது பழவேற்காடு. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களுக்குத் தலைமையிடமாக விளங்கிய ஊர் இது. அவர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஆண்டு 1613. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை எழும்பியது 1640-இல்தான்!

இங்கு நெய்த துணிகள் ஜாவா வரை கப்பலேறி, அங்கே மிளகாகவும் கிராம்பாகவும் மாறின. துணி மட்டுமல்ல, பஞ்சத்தில் சிக்கிய ஏழைகளும் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். அந்தக் கொடுமையைச் சுற்றுலாக் கையேடுகள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும்.

தலைமையிடம் 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டை இருந்த இடத்தில் இன்று புதரும் மண்மேடும்தான்.

டச்சுக் கல்லறைத் தோட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள். வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே டச்சு மொழிக் கல்வெட்டுகள், குடும்பச் சின்னங்கள், ஓரங்களில் பூவேலைப்பாடு. கல்தச்சரின் கைத்திறன் அசரவைக்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், கற்கள்மேல் ஏறாதீர்கள்.

அடுத்து, பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக இரை தேடும். வட சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். காலையிலேயே கிளம்புங்கள், வெயில் ஏறினால் கல்லறைத் தோட்டத்தில் நிற்க முடியாது.