கருவி கிடைத்தது, பேச்சு புரிய யார் பொறுப்பு?

பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்துவது தமிழ்நாட்டில் இன்று ஏழைக் குடும்பத்துக்கும் எட்டுகிறது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டமும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் தோல் தொழிலாளர் குடும்பங்களுக்கு வேலூர் சிஎம்சி மருத்துவமனை எட்டாத தூரமும் அல்ல. ஆனால் அறுவை முடிந்த பிறகும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற குழந்தைக்குச் சொன்னது புரியாமல் போகலாம். "புத்தி மந்தம்" என்று அக்கம்பக்கம் சொல்லிவிடும். அப்படி முடிவு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது, கருவி எப்படிச் செட் செய்யப்பட்டிருக்கிறது, குழந்தை எந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். ஒலி பேச்சாக மாறும் வேலை அறுவை அரங்கில் முடிவதில்லை. ஆகவே கருவியின் அளவுகளைத் தொடர்ந்து சரிசெய்யும் மேப்பிங்கும் அமைதியான வகுப்பறையும் யாரோ காட்டும் தயவு அல்ல. அறுவை சிகிச்சையைப் போலவே அவையும் உரிமை.

காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசசர், மைக்கில் வாங்கிய ஒலியைத் தாழ்ந்த சுரம் முதல் உயர்ந்த சுரம் வரை பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் ஒலி எப்படி ஏறி இறங்குகிறது என்பதை மட்டும் எடுத்து மின் துடிப்புகளாக உள்ளே அனுப்புகிறது. சுரத்தின் நுண்ணிய நெளிவுகள் பெரும்பாலும் வழியிலேயே தொலைகின்றன. இயல்பான காதில் ஏறத்தாழ 3,500 உள்மயிர்ச் செல்கள் செய்வதை இங்கே 12 முதல் 22 மின்முனைகள் செய்ய வேண்டும். ஒன்றின் மின்னோட்டம் பக்கத்தில் கசிவதால் உண்மையில் பயன்படும் வழிகள் அதைவிடக் குறைவு. 1991இல் பிளேக் வில்சன் குழுவினர், மின்முனைகளை ஒரே நேரத்தில் தூண்டாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் துடிக்கவிடும் முறையை வெளியிட்டபோதுதான் பேச்சுப் புரிதல் பெரிதாக முன்னேறியது. 1995இல் ராபர்ட் ஷானன் குழுவினர், நான்கே பட்டைகள் இருந்தாலும் பேச்சைப் பெருமளவு புரிந்துகொள்ள முடியும் என்று காட்டினார்கள். ஆனால் அந்தச் சோதனை நடந்தது அமைதியான சூழலில். இரைச்சல் கலந்தால் நான்கு பட்டைகள் போதாது.

தமிழை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கல், கால், பாடு, பாட்டு: இவற்றைப் பிரிப்பது ஒலி நீளும் நேரமும் நிற்கும் நேரமும். ஏற்ற இறக்கத்தைக் கடத்தும் கருவியில் அவை பெரும்பாலும் பிழைத்துவிடும். பலம், பழம், கொல், கொள்: இங்கே வேறுபாடு நாக்கு நிற்கும் நிலையால் பிறக்கும் நுண்ணிய சுரத்தில் இருக்கிறது, கருவி தடுமாறுவதும் இங்கேதான். அதோடு நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லின் கடைசியில், குரல் தணியும் இடத்தில் வருகிறது. 'அவனை' என்றார்களா, 'அவனால்' என்றார்களா என்பது மின்விசிறிச் சத்தத்திலும் தேசிய நெடுஞ்சாலை லாரிச் சத்தத்திலும் முதலில் அமிழ்ந்துவிடும். சொல் கேட்கும், வாக்கியம் கேட்காது. ஆம்பூர்ப் பக்கம் பல வீடுகளில் உருது, வெளியே தமிழ். இரண்டு மொழி குழப்பும் என்று வீட்டு மொழியை நிறுத்தச் சொல்வதற்கு வலுவான ஆதாரம் இல்லை. தாய் எந்த மொழியில் நிறையப் பேசுவாரோ, அந்த மொழியில் பேசுவதே குழந்தைக்கு நல்லது.

மேப்பிங் என்பது, ஒவ்வொரு மின்முனைக்கும் குழந்தை உணரும் குறைந்த மின்னளவையும் தாங்கும் உச்ச அளவையும் குறிப்பது. குறைவாக வைத்தால் மெல்லிய ஒலிகள் மறையும்; மிகுந்தால் குழந்தை பிராசசரைக் கழற்றி எறியும். முதல் ஆண்டில் அளவுகள் மாறிக்கொண்டே இருப்பதால் பலமுறை போக வேண்டியிருக்கும். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் தாய்க்கு ஒவ்வொரு முறையும் அது ஒரு நாள் கூலி. இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்காமல் "இலவச சிகிச்சை" என்று சொல்வது முழு உண்மை ஆகாது. வேலூர் வெயிலில் வியர்வை மைக்கை மெல்லக் கெடுக்கும். சிறு குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. தினமும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். நேற்று கேட்ட ஒலி இன்று கேட்கவில்லை என்றால் கருவியைக் காட்ட வேண்டும்.

புதிய பிராசசர்களே இரைச்சலை நீக்கிவிடுமே என்று கேட்கலாம். பேசுபவர் முன்னாலும் சத்தம் பின்னாலும் இருந்தால் அவை நன்றாகவே உதவும். ஐம்பது பேர் பேசும் எதிரொலி அறையில், தூரத்தில் நிற்கும் ஆசிரியரின் குரலுக்கு அந்த உதவி போதாது. ஆசிரியர் சட்டையில் மாட்டும் வயர்லெஸ் மைக்தான் அந்தத் தூரத்தைக் குறைக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாணவருக்குப் பொருத்தமான உதவிக் கருவிகளை 18 வயது வரை இலவசமாகத் தரும் கடமையை 17ஆம் பிரிவில் அரசின் மீது வைக்கிறது. இவ்வளவு பாடு எதற்கு, சைகை மொழி போதாதா என்பது மதிக்க வேண்டிய கேள்வி. பேட்டரி தீர்ந்தாலும் குளிக்கும்போதும் அந்தக் குழந்தை காது கேளாத குழந்தைதான். அதனால் சைகையையும் கற்றுக்கொடுங்கள். ஆனால் பொருத்திய கருவியைக் கவனிக்காமல் விட அது காரணம் ஆகாது.

ஆபத்துகளில் இரண்டை மறக்கக் கூடாது. மூளைக்காய்ச்சல் அபாயம் சற்று கூடுதல் என்பதால் நிமோகாக்கஸ் தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்க வேண்டும். தலைக்குள் காந்தம் இருப்பதால், எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் கருவியின் அடையாள அட்டையை முதலில் காட்ட வேண்டும்.

அறுவைக்கு முன்பே நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: வாரண்டி எத்தனை ஆண்டு, எத்தனை மேப்பிங், தெரபி எவ்வளவு காலம், தலையில் ஒட்டும் காயிலும் (coil) அதன் ஒயரும் கெட்டால் யார் செலவு. மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டையை உடனே வாங்குங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் பிரிந்ததால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் அணுக வேண்டிய மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் திருப்பத்தூரில் இருக்கிறது. மேல்விஷாரத்துக்கு ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுக்கு வேலூர். அரசு நிறுவனத்தில் குறை இருந்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுதிக் கொடுக்கலாம். பணம் கொடுத்து வாங்கிய கருவியிலோ சேவையிலோ குறை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதால், பில்லையும் ஒவ்வொரு மேப்பிங் சீட்டையும் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள்.