மலைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்

"அண்ணா, இந்த அஞ்சு வாட் செட்டு ரெண்டாவது வளைவுகூடத் தாண்ட மாட்டேங்குது. பத்து வாட் வாங்கினா போவுமா?"

அமிர்தியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பிக்கப் ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டது இது. ஜவ்வாது மலையின் மேல் ஊர்களிலிருந்து சாமை, புளி, கடுக்காய் எல்லாம் ஏற்றி வருகிறவர். கூட்டாளியின் வண்டி எப்போதும் ஒரு கிலோமீட்டர் பின்னால் வரும். மழை பெய்த மறுநாள் முன்னால் போகிறவர், 'இங்க சேறு, அங்கயே நில்லு' என்று சொல்லியாக வேண்டும். செல்போனில் கோடு ஒன்றுகூட இருக்காது. அதனால் ஆன்லைனில் இரண்டு வாக்கி டாக்கி வாங்கியிருக்கிறார். பெட்டியின் மேல் பத்து கிலோமீட்டர் என்று போட்டிருந்ததாம்.

ஒரு டீக்குள் முடிகிற பதில் இல்லை. நாம் இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகவே போகலாம்.

முதலில் செல்போனுக்கும் இந்தச் செட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். நம் செல்போன் எதிரில் இருப்பவரின் செல்போனோடு நேராகப் பேசுவதே இல்லை. பக்கத்து டவரோடு பேசுகிறது. மற்றதை டவரும் கம்பெனியும் பார்த்துக்கொள்கின்றன. தபால்காரரிடம் கடிதம் கொடுப்பது மாதிரி. வாக்கி டாக்கி அப்படியில்லை. வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுவது மாதிரி, ஒரு பெட்டியிலிருந்து கிளம்பும் அலை நேராக மற்றப் பெட்டிக்குப் போக வேண்டும். நடுவில் ஆள் கிடையாது. டவர் இல்லாத காட்டில் இது வேலை செய்வதும், மலை குறுக்கே வந்தால் கைவிடுவதும் இதே காரணத்தால்தான்.

இப்போது வாட்டுக்கு வருவோம். எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான், நானும் விழுந்திருக்கிறேன். வாட் என்பது செட் வெளியே அனுப்பும் சக்தி. சக்தி கூடினால் தூரம் கூடும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. எட்டவில்லையா, இன்னும் உரக்கக் கத்து. மனிதக் குரலுக்கு அது ஓரளவு சரி. ஆனால் இந்தச் செட்டுகள் பயன்படுத்தும் வி.ஹெச்.எஃப்., யு.ஹெச்.எஃப். அலைகள் சத்தத்தைவிட வெளிச்சத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம். ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பாறையில் பட்டுக் கொஞ்சம் திரும்பும், மலை முகட்டில் கொஞ்சம் வளையும், ஈர இலைகளில் கொஞ்சம் கரையும். அவ்வளவுதான். மலைக்கு இந்தப் பக்கம் நின்று டார்ச் அடித்தால் அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியுமா? பெரிய டார்ச் வாங்கினாலும் மலை மலையாகத்தான் இருக்கும்.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். நம் தலைக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுகிறது. அதில் ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசுகிறவர்களின் வானொலி, இருக்கிறது. கையடக்கமான ஐந்து வாட் செட்டில் நல்ல ஆன்டெனாவை மாட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் நின்று அதன் வழியாகப் பேசுகிறவர்கள் உண்டு. 400 கிலோமீட்டர் போகிற அதே ஐந்து வாட், மூன்று கிலோமீட்டர் தள்ளி மலைக்குப் பின்னால் இருக்கும் பொலிரோவுக்குப் போகாது. விண்வெளிக்குக் குறுக்கே மலை இல்லை என்பதுதான் காரணம்.

ஆக, தூரத்தைத் தீர்மானிப்பது உயரம். இதற்கு ஹாம் உரிமக்காரர்கள், சுருக்கமாக ஹாம்கள், வாய்க்கணக்காக ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். ஆன்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ அதன் வர்க்கமூலத்தை நாலால் (துல்லியமாக 4.12) பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று வரும். சமதரையில் செட்டை ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்தபடி நிற்கிறவருக்கு ஐந்து கிலோமீட்டர். அதேபோல் நிற்கும் இரண்டு பேருக்கு இடையில் பத்து. பெட்டியில் போட்டிருந்த பத்து எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது ஊகிக்கலாம். ஏரிக்கரையில் அது பொய்யும் இல்லை. இதே ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூரை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர். வேலூர்ச் சமவெளியைவிட ஏறக்குறைய 500 மீட்டர் உயரம். குறுக்கே வேறு முகடு இல்லாத திசையில், அந்த உயரத்திலிருந்து அடிவானம் 90 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

நான் ஹாம் உரிமம் வாங்கிய புதிதில் வண்டிக்கு 50 வாட் செட் ஒன்றை மாட்டினேன். அமிர்திப் பள்ளத்தில் நின்று வேலூர் நண்பரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அன்று சாயங்காலமே ஒரு பாறைமேல் ஏறி நின்று, இடுப்பில் இருந்த ஐந்து வாட் செட்டில் கூப்பிட்டேன். 'நல்லா கேக்குது, சொல்லுங்க' என்றார். வீட்டில் அந்த 50 வாட் செட்டின் விலையை இன்னும் சொல்லவில்லை.

உயரத்துக்கு அடுத்தது ஆன்டெனா. கைச்செட்டோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா ஒரு சமரசம்; சட்டைப்பையில் அடங்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதையும் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் உட்கார்ந்து பிடித்தால், மூடி போட்ட குண்டானுக்குள் இருந்து பேசுகிற கதைதான். சுற்றிலும் தகரம், அலை ஜன்னல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இதற்கு வழி சுலபம். அடியில் காந்தம் வைத்த ஆன்டெனா கிடைக்கும். வண்டிக் கூரையின் நட்டநடுவில் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். ஹாம்களின் 2 மீட்டர் அலைவரிசைக்கு, அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸுக்கு, அந்தக் கம்பி அரை மீட்டர்தான் இருக்கும்; அலைநீளத்தில் கால்பங்கு. மீதி வேலையைக் கீழே இருக்கும் தகரக் கூரை செய்கிறது. கண்ணாடி முன்னால் வைத்த விளக்கு இரட்டிப்பாகத் தெரிவது போல, கூரை அந்தக் கம்பிக்கு மறுபாதியாக நிற்கிறது. பம்பரில் மாட்டினால் பார்க்க ஜோராக இருக்கும். பேச்சு பாதிதான் போகும். கேபிளைக் கதவு ரப்பர் வழியாக உள்ளே விடும்போது வெளியே ஒரு தொங்கல் விட்டுக் கொண்டுவாருங்கள். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், மடியில் வந்து விழாது. வண்டிச் செட்டுக்கான மின்சாரத்தைச் சிகரெட் லைட்டர் துளையில் எடுக்காமல், நேராக பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் போட்டு எடுங்கள். 50 வாட் செட் பேசும்போது பத்து ஆம்பியர் போல இழுக்கும்.

இரண்டு வண்டியும் இரண்டு பள்ளத்தில் மாட்டிக்கொண்டால்? நடுவில் முகட்டில் நிற்கிற மூன்றாவது ஆள் கேட்டதைத் திருப்பிச் சொல்லலாம். அந்த ஆளுக்குப் பதில் ஒரு இயந்திரத்தை வைத்தால் அதுதான் ரிப்பீட்டர். ஒரு அலையில் கேட்கும், அதே நொடியில் சற்றுத் தள்ளி இன்னொரு அலையில் உரக்கச் சொல்லும். ஹாம் சங்கங்கள் உயரமான இடம் தேடி இவற்றை வைப்பது இதற்காகத்தான். கார் ரேலிகளில் ஹாம்களைக் கூப்பிட்டு மலை வளைவுகளில் உட்கார வைப்பதும் இதே கணக்குதான்.

மலையைத் தாண்டிக் குதிக்கிற அலையும் உண்டு. 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற ஹெச்.எஃப். அலைகள் வானத்தில் மின்னேற்றம் பெற்ற அயனிமண்டலத்தில் மோதித் திரும்புகின்றன. ரப்பர் பைப்பை நேராக மேலே பிடித்தால் தண்ணீர் கூரையில் பட்டு நம்மைச் சுற்றியே விழுமே, அப்படி. 2004 டிசம்பரில் ஹாம் பாரதி பிரசாத் ஒரு குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார்; அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசுவதற்கு அரிதாகக் கிடைத்த அனுமதியில் போனவர்கள். 26ஆம் தேதி சுனாமி. மற்றத் தொடர்புகள் அறுந்து கிடந்தபோது அவர்களுடைய ஹெச்.எஃப். செட்டுகள் தீவுகளின் செய்தியைப் பெருநிலத்துக்குச் சேர்த்தன. ஆனால் ஹெச்.எஃப். ஆன்டெனா மரத்துக்கு மரம் கட்டுகிற நீளம். 'சேறு, நில்லு' என்று சொல்ல அதை விரித்துக்கொண்டிருக்க முடியாது.

சரி, தம்பி வாங்கிய செட் ஹாம் செட்டா? ஹாம் என்பது பெட்டியின் பெயர் அல்ல, ஆளுக்குக் கிடைக்கும் உரிமம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தேர்வு வைத்துக் கொடுக்கிறது. 12 வயது நிறைந்தால் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் என்ற முதல் படிக்கு வானொலி அடிப்படையும் விதிகளும் போதும். ஜெனரலுக்கு மோர்ஸ் தந்தியும் தெரிய வேண்டும், நிமிடத்துக்கு எட்டு வார்த்தை. பத்தாம் வகுப்பு இயற்பியல் மறக்காதவருக்கு இரண்டு மாத மாலைநேரப் படிப்பு என்பது என் கணக்கு. தேறியதும் உங்களுக்கென்று ஒரு அழைப்புக்குறி வரும். ராஜீவ் காந்தியுடையது வி.யு.2 ஆர்.ஜி. கூட்டாளிக்கும் தனியாக உரிமம் வேண்டும். வண்டியில் வைத்துப் பேசுவதற்கான விதியையும் விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. உரிமம் வரும் வரை கடையில் கிடைக்கிற செட்டை வாங்கி ஹாம் அலையில் அழுத்திப் பேசுவது குற்றம். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உரிம விவரம் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்ற ஆன்லைன் நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

இங்கேதான் தம்பியின் முகம் வாடியது. ஹாம் அலையில் வியாபாரம் பேசக்கூடாது. ஆம்பூருக்கு எத்தனை மூட்டை கடுக்காய், பேரணாம்பட்டுத் தோல் லோடு எப்போது கிளம்பும் என்றெல்லாம் பேசினால் அது தொழில். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஜீப் ஓட்டுகிறவருக்கு ஹாம் சரி. லோடு ஓட்டும் தம்பிக்கு வேறு வழி. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமலே பேச 2018 விதிகள் இடம் கொடுக்கின்றன. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற, சக்தி குறைந்த செட்டாக இருக்க வேண்டும். சக்தி குறைவா என்று உடனே கேட்டார். நாம் பேசியது அத்தனையும் மறந்துவிட்டது பாருங்கள். ஒரு கிலோமீட்டர் இடைவெளிக்கு அது போதும். வளைவு திரும்புவதற்கு முன்னால், பின்வண்டி கண்ணில் படும் இடத்தில் நிறுத்திச் சொன்னால் தாராளமாகப் போதும்.

எந்தச் செட்டானாலும் பட்டனை அழுத்தியதும் ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். முடிந்த பிறகும் ஒரு நொடி விரலை எடுக்காதீர்கள். தமிழில் இது ரொம்ப முக்கியம். நமக்கு இல்லை, வேண்டாம், கூடாது எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. அவசரக்காரர் விரலை முந்தி எடுத்தால், 'இப்ப வர வேணாம்' என்பது பின்வண்டியில் 'இப்ப வர' என்று கேட்கும். தம்பி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, "அப்ப 'நில்லு'ன்னுதான் ஆரம்பிக்கணும்" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.