எழுத்தாளர் இணையதளமும் நேரடி நூல் விற்பனையும்: கோவை விஷ்ணுபுரம் வட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

படைப்பாளர் தம் இணையதளத்தின் துணையால் வாசகர்க்கு நேரடியாக நூல் விற்கும் முறை தமிழிலும் வேரூன்றியுள்ளது. இம்முறையின் முன்வடிவம், இயங்குமுறை, எல்லை ஆகியவற்றை எழுத்தாளர் ஜெயமோகனின் வாசகர் வட்டத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நேரடி விற்பனை, வெண்முரசு, முன்பதிவு, கையொப்பம், வாசகர் வட்டம்.

முன்னுரை

நூலொன்று வாசகரை அடையும் வழக்கமான பாதையில் பதிப்பாளர், விற்பனையாளர் ஆகியோர் இடைநிற்கின்றனர். விற்பனையாளர்க்குக் கழிவு தரவேண்டும்; ஆசிரியர்க்கு விலையில் பத்து விழுக்காட்டை உரிமைத்தொகையாக வழங்குவது பரவலான வழக்கு. எனவே 300 ரூபாய் நூலுக்கு ஆசிரியர் பெறுவது 30 ரூபாய். நேரடி விற்பனையில் கழிவு மிஞ்சுகிறது. ஆயினும், வாசகரைத் தேடுதல், கணக்கு வைத்தல், பொதி கட்டுதல், அனுப்புதல் ஆகிய பணிகள் விற்பவர் தலையில் விழுகின்றன.

முன்வடிவங்கள்

இம்முறை தமிழுக்குப் புதியதன்று. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூலை வாங்குவதாக உறுதியளிப்போரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றார். பாரதியார் 1920இல் கடையத்திலிருந்து, தம் படைப்புகளை நாற்பது நூல்களாக வெளியிடத் திட்டமிட்டுப் பொருளுதவி வேண்டிச் சுற்றறிக்கை அனுப்பினார். அத்திட்டம் கைகூடவில்லை. முன்னவர்க்குப் புலவரும் செல்வரும் அடங்கிய தொடர்பு வட்டம் துணைநின்றது. பின்னவர்க்கு வாசகர் பலர் இருந்தும், அவர்களை ஓரிடத்தில் திரட்டும் தொடர்ச்சியான வழி அப்போது வாய்க்கவில்லை.

இலவச வாசிப்பிலிருந்து விலைநூலுக்கு

அத்தகைய வழியை இணையம் அமைத்துத் தந்தது. ஜெயமோகன் மகாபாரதத்தை மறுஆக்கம் செய்த ‘வெண்முரசு’, 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை, நாவலுக்கு நாவல் இடைவெளிகளுடன், நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் கட்டணமின்றி வெளிவந்தது. 26 நாவல்களாக நிறைவுற்றது. இதன் தொகுதிகளை நற்றிணை, கிழக்கு ஆகிய பதிப்பகங்கள் அச்சிட்டன. சிறப்புப் பதிப்புகளுக்கு முன்பதிவு பெற்று, ஆசிரியர் கையொப்பமிட்ட படிகளும் அனுப்பப்பெற்றன. பின்னர் கோவை வடவள்ளியிலிருந்து இயங்கும் விஷ்ணுபுரம் பதிப்பகம் தன் இணையதளத்தின் வழியே இவருடைய நூல்களை விற்கலாயிற்று.

இங்குக் கையொப்பம் இடம் மாறியிருப்பது கருதத்தக்கது. சாமிநாதையர் காலத்தில் வாசகர் கையொப்பமிட்டார். அது வாங்குவதற்கான உறுதிமொழி. இன்று ஆசிரியர் கையொப்பமிடுகிறார். அது உறவின் அடையாளம். முழுப் பனுவலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போதே அச்சுநூல் விலைபோவதற்கு இவ்வுறவே முதன்மைக் காரணம் எனலாம்.

ஆர்.எஸ்.புரத்தில் கூடும் வாசகர்

இவ்வுறவு திரைக்குள் மட்டும் வளரவில்லை. விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் ஆண்டுதோறும் விருது வழங்கிவருகிறது; முதல் விருதாளர் ஆ.மாதவன். கோவை ஆர்.எஸ்.புரத்திலுள்ள ராஜஸ்தானி சங்க அரங்கில் டிசம்பரில் நடைபெறும் விழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் வாசகர் வருகின்றனர். எழுத்தாளருடன் உரையாடுகின்றனர், அரங்கிலேயே நூல் வாங்குகின்றனர். தளத்தில் தனித்தனியே படித்தோர் இங்கு ஒருவரையொருவர் அறிகின்றனர். விருது பெறுவோர் பிற எழுத்தாளர்கள் என்பதால், ஒருவரைச் சுற்றித் திரண்ட வாசகர் மற்றொருவரின் நூலையும் நாடுகின்றனர்.

செலவும் எல்லையும்

2016இல் அறிமுகமான யூபிஐ, சிறு தொகையையும் உடனே செலுத்தும் வசதியைத் தந்தது. இடர்ப்பாடு அஞ்சலில் உள்ளது. பதிவு அச்சுநூல் அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மே 1இல் கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கென ‘ஞான் போஸ்ட்’ தொடங்கப்பட்டது. அதில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. 100 ரூபாய் மதிப்புள்ள மெலிந்த கவிதை நூலுக்கு இது விலையில் ஐந்தில் ஒரு பங்காகிறது. பல தொகுதிகளை ஒருங்கே வாங்குவோர்க்கோ சுமை குறைகிறது. ஆகவே நேரடி விற்பனை, பெயர்பெற்ற ஆசிரியர்க்கும் பற்றுமிக்க வாசகர்க்கும் சாதகமாகவும், முதல் நூல் வெளியிடும் கவிஞர்க்குப் பாதகமாகவும் அமைகிறது.

அறியாத நூலைத் தற்செயலாகக் கையிலெடுக்கும் வாய்ப்பைக் கோவை விஜயா பதிப்பகம் போன்ற கடைகளும் கொடிசியா புத்தகத் திருவிழாவுமே நல்குகின்றன. எழுத்தாளர் தளத்துக்கு வருபவர் பெரும்பாலும் அவரை முன்பே அறிந்தவர். கடைகள் நலிந்தால் புதிய எழுத்தாளர்க்கு முதல் வாசகர் கிட்டுவது அரிதாகும்.

முடிவுரை

இணையதளத்தில் விற்பனைப் பக்கம் அமைப்பது எளிது. வாங்குவோரை உருவாக்கப் பல்லாண்டு எழுத்தும் நேர்ச்சந்திப்பும் வேண்டும். வெண்முரசின் வரலாறு இவ்வரிசையைத் தெளிவாகக் காட்டுகிறது: முதலில் வாசிப்பு, அடுத்து வட்டம், இறுதியில் விற்பனை. இவ்வரிசையைப் புறக்கணித்து விற்பனையிலிருந்து தொடங்கும் படைப்பாளர்க்குக் கழிவு மிஞ்சலாம், நூலும் மிஞ்சும்.