திலகவதியாரின் திறந்த கதவு

பண்ருட்டியை அடுத்து, கெடில நதியின் வடகரையில் அமைந்திருக்கிறது திருவதிகை. அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றான இத்தலத்தில், திரிபுரம் எரித்த பெருமானை வணங்கும் அன்பர்கள் திலகவதியாரையும் மறவாமல் வணங்குவர். நாவுக்கரசரை நமக்குத் தந்த தமக்கை அவர். அவருடைய வரலாற்றைத் தம்பியின் மனமாற்றக் கதையாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். பெற்றோரை இழந்த ஓர் இளைஞன் எவ்வாறு ஆளானான் என்னும் வரலாறாகவும் அதனைப் படிக்கலாம்.

திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் அடுத்தடுத்து மறைந்தனர். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் நீத்தார். தாமும் உயிர் துறக்கத் துணிந்த தமக்கையின் திருவடிகளில் விழுந்து அழுதார் தம்பி மருள்நீக்கியார். அவருக்காகவே உயிர் தாங்கினார் திலகவதியார் என்கிறார் சேக்கிழார் பெருமான்.

தம்பி வளர்ந்தார். அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். பின்னர் வேறு நெறியை நாடிப் பாடலிபுத்திரம் சென்று, தருமசேனர் என்னும் பெயரும் பெருமையும் பெற்றார். தமக்கையார் சினந்து அவரைக் கைவிடவில்லை. திருவதிகையில் திருத்தொண்டு புரிந்தவாறு தம்பிக்காக இறைவனிடம் விண்ணப்பித்துக் கொண்டிருந்தார். சூலை நோயால் துடித்தபோது தருமசேனரின் நினைவுக்கு வந்தவர் அந்தத் தமக்கையே. இரவோடு இரவாக வந்து அடி பணிந்த தம்பிக்குத் திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார் அவர்.

அன்று அந்தக் கதவு அடைத்திருந்தால் நமக்குத் தேவாரத்தில் ஒரு பெரும் பகுதி கிடைத்திருக்குமா?

பதினெட்டாம் பிறந்தநாள்

நம் ஊர்களிலும் மருள்நீக்கியார்கள் இருக்கிறார்கள். பெற்றோரை இழந்தும், வறுமையாலோ குடும்பப் பிணக்காலோ வீட்டை விட்டு வெளியேறியும், இரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் கண்டெடுக்கப்பட்டும் குழந்தைகள் இல்லங்களில் வளர்கின்ற பிள்ளைகள் அவர்கள். 18 வயது நிறைவடைந்ததும் சட்டத்தின் பார்வையில் அவர்கள் குழந்தைகள் அல்லர். அதுவரை உணவும் உடையும் உறைவிடமும் தந்த இல்லத்தை விட்டு அவர்கள் வெளியேற வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். இருபத்தைந்து வயதிலும் வேளைக்குச் சோறு இட்டு, கல்லூரிக் கட்டணம் கட்டி, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறோம். வேலை போனால், ‘வீட்டுக்கு வந்துவிடு’ என்கிறோம். எல்லாத் துணையும் உள்ளவர்களுக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட, எத்துணையும் இல்லாதவர்கள் ஒரே நாளில் தனித்து நிற்க வேண்டியிருக்கிறது.

அரசும் இதனை உணர்ந்தே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, இல்லத்தை விட்டு வெளியேறும் இளைஞர்களுக்குப் பொருளுதவி அளிக்க வழி செய்கிறது. இதனைப் ‘பிற்காப்பு’ என்பர். 21 வயது வரையிலும், சிறப்பு நேர்வுகளில் 23 வயது வரையிலும் இந்தத் துணை நீளலாம். ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின்கீழ், தகுதியுடையோருக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க இடமுண்டு. மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகு இதனைக் கவனிக்கிறது.

ஆயினும், பணத்தால் ஆகாதவை பல உள்ளன. வாடகைக்கு அறை கேட்டால், ‘பெரியவர்கள் யாரையாவது அழைத்து வா’ என்கிறார் வீட்டுக்காரர். விண்ணப்பப் படிவத்தில் பெற்றோர் கையொப்பத்திற்கு இடம் விட்டிருக்கிறது. மருத்துவமனையில், ‘உடன் வந்திருப்பவர் யார்?’ என்று கேட்கிறார்கள். தீபாவளிக்கு விடுதியின் சமையற்கூடம் மூடப்படும். உடன் தங்கியவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் புறப்படுவார்கள். அவனுக்குப் போவதற்கு ஊர் இல்லை.

கோயிலுக்கு வந்தாலும் கேள்வி தொடர்கிறது. ‘பெயர், நட்சத்திரம், கோத்திரம்?’ என்று அர்ச்சகர் இயல்பாகத்தான் கேட்கிறார். தட்டை ஏந்தியவன் தலை குனிகிறான். கோத்திரம் அறியாதவர்கள் சிவ கோத்திரம் என்று சொல்லிக்கொள்வதும், சுவாமியின் பெயருக்கே அர்ச்சனை செய்துகொள்வதும் நம்மிடையே உள்ள வழக்கமே. அதை அவன் காதில் மெல்லச் சொல்ல அருகில் ஒருவர் வேண்டும்.

முன்னோர் காட்டிய வழி

ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறு மட்டும் போதாது என்பதை நம் முன்னோடிகள் நன்கு அறிந்திருந்தனர். 1905-இல் சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் அருளாசியுடன் மயிலாப்பூரில் சில சிறுவர்களுக்காகத் தொடங்கப்பெற்ற இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம், பள்ளிக்கல்வியோடு நில்லாமல் தொழிற்கல்வியும் அளித்தது. 1930-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தோற்றுவித்த அவ்வை இல்லம், ஆதரவற்ற பெண்களுக்கு அடைக்கலத்தோடு கல்வியையும் வழங்கியது. இல்லத்தை விட்டுப் போகும் பிள்ளையின் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கருத்து.

திருக்கோயில்கள் சார்பில் நடைபெறும் ஓதுவார், நாதசுரம், தவில் பயிற்சிப் பள்ளிகளும் உறைவிடமும் ஊக்கத்தொகையும் தந்து கற்பிக்கின்றன. தகுதியும் விருப்பமும் உள்ள பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பை எடுத்துச் சொல்வதும் ஒரு தொண்டே.

நாம் செய்யத் தக்கது

பிறந்தநாளிலும் பெற்றோரின் திதியிலும் இல்லங்களுக்கு உணவளிக்கும் நற்பழக்கம் நம் குடும்பங்களில் பரவியிருக்கிறது. அது தொடரட்டும். அடுத்த முறை செல்லும்போது, இவ்வாண்டு 18 வயது நிறைவடைவோர் யார் என்று இல்லப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அவர் வழியாகவோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாகவோ முறைப்படி அறிமுகம் பெறுங்கள். தொழில் செய்பவர் தொழில் கற்றுத் தரலாம். வீடு உடையவர் அறை தரலாம். வங்கியில் பணியாற்றியவர் சேமிக்கும் முறையையும், ஏமாறாமல் கையொப்பமிடும் விதத்தையும் சொல்லித் தரலாம். எதுவும் இல்லாதவரும் பண்டிகை நாளில் ஓர் இலை கூடுதலாகப் போடலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனத்தில் கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளை தவறக் கூடும். சேர்த்துவிட்ட வேலையை விட்டுவிடலாம், தந்த பணத்தை வீணாக்கலாம், சொல்லாமல் போய்விடலாம். ‘நன்றி கெட்டவன்’ என்று கதவை அடைக்க நமக்கு அப்போது தோன்றும். நம் சொந்தப் பிள்ளை இதே தவற்றைச் செய்திருந்தால் எத்தனை முறை பொறுத்திருப்போம் என்று எண்ணிப் பார்க்க வேண்டிய தருணம் அதுவே.

திருவதிகைக்குச் செல்லும்போது திலகவதியாரின் முன் சற்று அதிகமாக நில்லுங்கள். தம்பி எப்போது திரும்புவான் என்று அறியாமலே, நாள்தோறும் திருக்கோயிலை அலகிட்டு மெழுகிக்கொண்டு காத்திருந்தவர் அவர்.