கூலிங் பேட் வாங்கும் முன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள்

வெயில் காலத்தில் லேப்டாப் கொதிப்பதும் உள்ளிருக்கும் ஃபேன் ஓயாமல் இரைவதும் பல வீடுகளில் நடப்பதுதான். உடனே ஒரு கூலிங் பேட் வாங்கிவிடலாம் என்று தோன்றும். அதற்கு முன் லேப்டாப்பை அணைத்துவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். பேட் உங்களுக்கு உதவுமா என்பதை அடிப்பக்கமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்புகளில் அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது. சிபியுவின் சூட்டைச் செம்புக் குழாய்கள் ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகளுக்குக் கடத்துகின்றன. ஃபேன் அந்தத் தகடுகளுக்கு இடையே காற்றை ஊதி, பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ வெளியே தள்ளுகிறது. உள்ளே போகும் காற்றுக்கு வழிவிட்டு, கொஞ்சம் உந்தியும் கொடுப்பதுதான் கூலிங் பேடின் வேலை. அடியில் துளையே இல்லாத லேப்டாப்புக்கு அதனால் பெரிய பலன் இருக்காது. 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏரில் ஃபேனும் கிடையாது, அடியில் துளையும் கிடையாது. பேட் வைத்தால் லேப்டாப்பின் உலோக அடிப்பாகம் சற்றுச் சூடு தணியும், அவ்வளவுதான்.

பேட் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் காற்றைத்தான் அனுப்புகிறது. அறை 36 டிகிரி என்றால் போகும் காற்றும் 36 டிகிரிதான். ஆனாலும் அது வீண் இல்லை. லேப்டாப் சிபியுக்கள் பல, 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. கேம் திடீரென்று திணறுவதற்கும் வீடியோ எடிட்டிங் இழுத்தடிப்பதற்கும் பல நேரம் இதுவே காரணம். அந்த விளிம்பில் நிற்கும் லேப்டாப்புக்குச் சில டிகிரி குறைந்தாலே வேலை தடைபடாமல் ஓடும்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு, வழக்கமான கனமான வேலையைக் கால் மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு துளைகள் மறையாதபடி பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தி, அதே அறையில் அதே வேலையை மறுபடி ஓடவிடுங்கள். வெப்பநிலை நன்றாக இறங்கினால் காற்றோட்டம்தான் குறை; ஃபேன் இல்லாத சாதாரண ஸ்டாண்டே போதுமானதாக இருக்கலாம். இறங்கவே இல்லையென்றால் உள்ளே தூசி அடைத்திருக்கலாம், சிபியுவின் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். மூன்று நான்கு வருடமாகத் திறக்காத லேப்டாப் என்றால், பேடுக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் சர்வீஸ் கடையில் சுத்தம் செய்யக் கொடுங்கள் என்பேன்.

பேடுதான் வேண்டும் என்று முடிவானால், அதன் ஃபேன் இருக்கும் இடமும் உங்கள் லேப்டாப்பின் துளைகள் இருக்கும் இடமும் பொருந்துகின்றனவா என்பதையே முதலில் பாருங்கள். ஐந்து ஃபேன் இருந்தும் ஒன்றுகூடத் துளைக்கு நேரே இல்லாத பேட் வீண் செலவு. பெரிய ஃபேன் குறைந்த வேகத்திலேயே நிறையக் காற்றைத் தரும், இரைச்சலும் குறைவு. மேல்பரப்பு உலோக வலையாக இருப்பது நல்லது. காற்று மேல்நோக்கி வர வேண்டும்; ஃபேன் மேல் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் தெரிந்துவிடும். கீழ்நோக்கி இழுக்கும் பேட், லேப்டாப் ஃபேனோடு மல்லுக்கட்டும். வண்ண விளக்குகளுக்கும் குளிர்ச்சிக்கும் சம்பந்தமில்லை.

கேமிங் லேப்டாப்புக்கென்று, சுற்றிலும் ஸ்பாஞ்ச் ஓரம் வைத்து, காற்றைத் துளைகளுக்குள் அழுத்தி அனுப்பும் வகையும் கிடைக்கிறது. இதன் பலன் அதிகம், சத்தமும் அதிகம். தூசி வடிகட்டி இல்லாததை வாங்காதீர்கள். இருந்தால் அதை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். அழுத்தி ஊதுவதற்கு மின்சாரமும் அதிகம் வேண்டும்; பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான் என்பதால், இந்த வகைக்குத் தனி அடாப்டர் இருப்பதே சரி.

பேடை மேஜைமேல் வையுங்கள். மெத்தையில் வைத்தால் அதன் அடிப்பக்கமே அடைபடும். சூடான காற்று வெளியேறும் பக்கம் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி புடைத்திருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அதற்குக் கூலிங் பேட் தீர்வே இல்லை. சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்து, அழுத்தாமல் உடனே சர்வீஸுக்கு எடுத்துச் செல்லுங்கள்.