இணைய வரி விளம்பரங்களில் ஐயத்திற்குரிய வாங்குநரை இனங்காணுதல்

இணைய வரி விளம்பரம் என்பது, தனிநபர் ஒருவர் தம்மிடம் உள்ள பழைய பொருளை விற்பதற்காக இணையத்தளத்திலோ கைபேசிச் செயலியிலோ இடும் சிறு விளம்பரம் ஆகும். நாளிதழ்களில் வெளிவந்த வரி விளம்பரங்களின் மறுவடிவமே இது. 1995-இல் அமெரிக்காவில் கிரெய்க் நியூமார்க் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் இதன் முன்னோடிகளுள் ஒன்று. இந்தியாவில் ஓஎல்எக்ஸ், குவிக்கர், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்றவை பலரும் அறிந்தவை.

இத்தகைய வணிகத்தில் ஏமாறுபவர் எப்போதும் வாங்குபவரே என்று பலர் நினைக்கின்றனர். பணம் கொடுத்தும் பொருள் வந்து சேராத நிகழ்வுகளே அதிகம் பேசப்படுவதால் இந்த எண்ணம் வந்தது. உண்மையில் விற்பவரும் ஏமாற்றப்படுகிறார். பொருளை விற்றுப் பணம் பெற வேண்டியவர், தம் வங்கிக் கணக்கில் இருந்த பணத்தையே இழந்து நிற்கிறார். இது எவ்வாறு நிகழ்கிறது, ஐயத்திற்குரிய வாங்குநரை எப்படி அடையாளம் காண்பது, ஏமாந்துவிட்டால் என்ன செய்வது ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓவேலி போன்ற மலையூர்களின் நிலை

ஓவேலி, நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்தில் உள்ள பேரூராட்சி. ஆக்டர்லோனி என்னும் ஐரோப்பியத் தோட்ட உரிமையாளர் குடும்பத்தின் பெயரால் வழங்கிய பள்ளத்தாக்கின் பெயரே சுருங்கி ஓவேலி ஆயிற்று. எல்லமலை, பெரியசோலை, பார்வுட், சூண்டி, ஆரூட்டுப்பாறை எனப் பல குடியிருப்புகள் தேயிலைத் தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் நடுவே சிதறிக் கிடக்கின்றன. கடைவீதி என்றால் கூடலூருக்குத்தான் செல்ல வேண்டும்.

இத்தகைய ஊரில் பழைய இருசக்கர வண்டி, கைபேசி, பீரோ, துணி துவைக்கும் இயந்திரம், தேயிலைக் கவாத்து இயந்திரம் போன்றவற்றுக்கு அக்கம்பக்கத்தில் வாங்குநர் கிடைப்பது அரிது. எனவே இணைய விளம்பரம் பயனுள்ளதே. ஆனால் மூன்று காரணங்களால் மலையூர் விற்பவர் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது, தொலைவு. "அவ்வளவு தூரம் நேரில் வர முடியாது, பணத்தை முதலில் அனுப்பிவிடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அது இயல்பாகவே தோன்றும். இரண்டாவது, நீலகிரிக்கும் இராணுவத்துக்கும் உள்ள நெருக்கம். குன்னூரை அடுத்த வெல்லிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையமும், பாதுகாப்புப் படை அலுவலர் கல்லூரியும் உள்ளன. "வெல்லிங்டனில் இருந்து பேசுகிறேன், புதிதாக மாற்றலாகி வந்திருக்கிறேன்" என்னும் சொல் இங்கே எளிதில் நம்பப்படும். மூன்றாவது, மாநில எல்லை. நாடுகாணி வழியாகக் கேரளத்துக்கும், தொரப்பள்ளி, முதுமலை வழியாகக் கர்நாடகத்துக்கும் எளிதில் சென்றுவிடலாம். ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி எடுத்துச் செல்லப்படும் வண்டியை மீட்பது கடினம்.

மோசடி நடைபெறும் முறை

இந்தியாவில் 2016-இல் யூபிஐ என்னும் பணப் பரிமாற்ற முறை அறிமுகமானது. இதை இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்துகிறது. இம்முறையில் நினைவில் கொள்ள வேண்டிய அடிப்படை விதி ஒன்றுதான்: பணம் பெறுவதற்கு இரகசியப் பின் எண் தேவையில்லை. பணம் அனுப்பவும், கணக்கின் இருப்பைப் பார்க்கவுமே அது தேவை. அதேபோல, கியூஆர் குறியைப் படம்பிடிப்பவர் பணம் கொடுப்பவர். அதைக் காட்டுபவர் பணம் பெறுபவர். மளிகைக் கடையில் குறியைக் காட்டுவது கடைக்காரர், படம்பிடிப்பது வாடிக்கையாளர் என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

மோசடிக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார். பொருளை விற்பவருக்கு ஒரு கியூஆர் குறியை அனுப்பி, "இதைப் படம்பிடித்துப் பின் எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்கிறார். விற்பவர் அவ்வாறு செய்தவுடன் அவர் கணக்கிலிருந்து பணம் வெளியேறுகிறது.

முன்பு, "பணம் கோரும் விண்ணப்பம்" என்னும் வசதியும் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. பணம் தருவதாகச் சொல்பவர் உண்மையில் பணம் கேட்கும் விண்ணப்பத்தை அனுப்புவார். விற்பவர் அதைப் பணம் வரும் அறிவிப்பு என்று எண்ணி ஒப்புதல் தருவார். தனிநபர்களுக்கு இடையிலான இவ்வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்துமாறு கொடுப்பனவுக் கழகம் அறிவுறுத்தியது. ஆயினும் கியூஆர் குறி வழி ஏமாற்று இதனால் முடிந்துவிடவில்லை.

2021 தில்லி நிகழ்வு

இம்மோசடிக்குப் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லை. 2021 பிப்ரவரியில் அப்போதைய தில்லி முதலமைச்சரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், பழைய சோபா ஒன்றை இணைய விளம்பரத்தின் வழி விற்க முயன்றார். வாங்குவதாகக் கூறியவர் முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பி, கணக்கு சரிதானா என்று பார்ப்பதாகச் சொன்னார். பின்னர் கியூஆர் குறி ஒன்றை அனுப்பினார். அதைப் படம்பிடித்தபோது 20,000 ரூபாய் கழிந்தது. தவறு நேர்ந்துவிட்டது, திருப்பி அனுப்புகிறேன் என்று மறுபடியும் அதே முறையைச் செய்யச் சொன்னார். இம்முறை 14,000 ரூபாய் போயிற்று. மொத்த இழப்பு 34,000 ரூபாய்.

இந்நிகழ்வில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலில் வந்த சிறு தொகை நம்பிக்கையை உண்டாக்கும் தூண்டில்; அது வாங்குநரின் நேர்மைக்குச் சான்று ஆகாது. அடுத்து, இழந்ததை மீட்கும் பதற்றத்தில்தான் இரண்டாவது இழப்பு நேர்கிறது. பணம் ஒருமுறை கழிந்தவுடன் எதிர்முனையில் இருப்பவரிடம் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

ஐயத்திற்குரிய வாங்குநரின் அடையாளங்கள்

பேரம் பேசாமை: பழைய பொருளை வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்பது உலக வழக்கம். சொன்ன விலையை உடனே ஒப்புக்கொள்பவர், பொருளின் வயது, பழுது, கூடுதல் படம் எதையும் கேட்காதவர் என்றால், அவருக்குப் பொருள் தேவையில்லை என்று கொள்ளலாம்.

நேரில் வர மறுத்தல்: தாமும் வரமாட்டார், தெரிந்தவரையும் அனுப்பமாட்டார். "வண்டி அனுப்புகிறேன், ஆள் வந்து எடுத்துக்கொள்வார்" என்பார்.

கேட்காமலே அடையாள அட்டை அனுப்புதல்: இராணுவ அடையாள அட்டை, கேன்டீன் அட்டை, சீருடைப் படம் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இவை பெரும்பாலும் வேறொருவரிடமிருந்து திருடப்பட்டவை அல்லது போலியானவை. "இராணுவக் கணக்கின் முறையே வேறு, முதலில் நீங்கள் ஒரு சிறு தொகை அனுப்பினால் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்" என்று சொன்னால் அது உறுதியாக மோசடியே. அப்படி ஒரு முறை எந்த வங்கியிலும் கிடையாது.

அவசரப்படுத்துதல்: "இப்போதே முடிக்க வேண்டும், அழைப்பைத் துண்டிக்காதீர்கள்" என்று தொடர்ந்து பேசிக்கொண்டே இருப்பார். வீட்டாரிடம் கலந்து பேச நேரம் கொடுக்கக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

செயலியை நிறுவச் சொல்லுதல்: எனிடெஸ்க் போன்ற திரைப் பகிர்வுச் செயலிகளை நிறுவச் சொல்வார். அவற்றின் வழி விற்பவரின் கைபேசித் திரையை அவரால் பார்க்க முடியும். இதுபற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது.

கூடுதல் பணம் அனுப்பியதாகக் கூறுதல்: 2,000 ரூபாய்க்குப் பதில் 20,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பார். அதற்கேற்ப ஒரு குறுஞ்செய்தியும் வரும். அச்செய்தி வங்கியின் பெயரில் அல்லாமல் சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வந்திருக்கும். மேலை நாடுகளில் போலிக் காசோலை கொடுத்து மீதிப் பணம் கேட்ட பழைய ஏமாற்றின் இன்றைய வடிவம் இது. பணம் வந்ததா என்பதைக் குறுஞ்செய்தியாலோ திரைப்படப் பதிவாலோ முடிவு செய்யக்கூடாது. கணக்கின் இருப்பைத் தாமே பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

அடையாளத்தை ஆளிடம் தேடக்கூடாது

இந்தியில் பேசுபவர் எல்லாரும் ஐயத்திற்குரியவர் அல்லர். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இன்று வடமாநிலத் தொழிலாளர் பலர் வேலை செய்கின்றனர். வெல்லிங்டனில் உண்மையான இராணுவத்தினரும் வாழ்கின்றனர். அவர்களும் பழைய பொருள் வாங்குவர். நன்றாகத் தமிழ் பேசுகிறவரும் ஏமாற்றலாம். எனவே மொழி, ஊர், தொழில் ஆகியவற்றை வைத்து முடிவு செய்யாமல், பணம் கொடுக்க அவர் சொல்லும் முறையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். நேர்மையான வாங்குநர் பொருளைப் பார்க்க விரும்புவார், குறை கண்டுபிடிப்பார், விலையைக் குறைப்பார், விற்பவரின் கியூஆர் குறிக்குப் பணம் செலுத்தச் சொன்னால் மறுக்கமாட்டார்.

பணம் உண்மையாகவே வந்தாலும்

சில வேளைகளில் பணம் மெய்யாகவே வந்து சேரும். சிக்கல் பிறகுதான் தொடங்கும். வேறொருவரை ஏமாற்றி எடுத்த பணத்தைக் கொண்டு பொருள் வாங்கப்பட்டிருந்தால், அப்பணம் சென்ற கணக்குகளைக் காவல்துறை முடக்க முடியும். குற்றம் செய்யாத விற்பவரின் கணக்கும் இவ்வாறு முடங்கலாம். ஆகவே பேசியவரின் பெயரும் பணம் அனுப்பியவரின் பெயரும் வேறாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். உரையாடல், விளம்பரம், பொருளை ஒப்படைத்த விவரம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பது பின்னர் சான்றாக உதவும்.

தவறுதலாகப் பணம் வந்துவிட்டது, வேறொரு எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டால், தாமாக அனுப்பாமல் வங்கிக்குத் தெரிவிப்பதே முறை.

நேரில் வரும் வாங்குநர்

பொருளைப் பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் காட்டுவது நல்லது. தனியாக உள்ள லைன் வீட்டுக்கோ தோட்டப் பாதைக்கோ அழைப்பதைவிடக் கூடலூர் கடைவீதியோ பேருந்து நிலையமோ பாதுகாப்பானது. கைபேசியை விற்குமுன் அதிலுள்ள கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளடக்கம் முழுவதையும் அழித்து, சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட வேண்டும்.

இருசக்கர வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுப்பதற்கு முன், ஓட்டுநர் உரிமத்தைப் பார்ப்பதும், உடன் ஒருவர் செல்வதும் தேவை. விற்ற பிறகு பதிவுச் சான்றில் பெயர் மாற்றம் செய்யாமல் விடக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள்களுக்குள்ளும், வெளிமாநிலத்தவருக்கு விற்றால் 45 நாள்களுக்குள்ளும் விற்பவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குரிய படிவங்கள் 29, 30. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. பெயர் மாற்றத்தைத் தட்டிக்கழிக்கும் வாங்குநரும் ஐயத்திற்குரியவரே.

ஏமாந்துவிட்டால்

உடனடியாக 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். ஏமாற்றப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு விரைவாக மாற்றப்பட்டு, இறுதியில் பணமாக எடுக்கப்படும். அதற்குமுன் தகவல் கிடைத்தால் வங்கிகள் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. எனவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். கைபேசிக்கு அலை கிடைக்காத இடத்தில் இருப்பவர், அலை உள்ள இடத்துக்குச் சென்றோ பிறர் கைபேசியிலிருந்தோ அழைக்கலாம்.

பிறகு தம் வங்கிக்குத் தெரிவித்து, தேசிய இணையவழிக் குற்றப் புகார்த் தளத்தில் எழுத்து மூலம் புகார் பதிய வேண்டும். பரிவர்த்தனை எண், நேரம், தொகை, மோசடிக்காரரின் கைபேசி எண், யூபிஐ முகவரி, உரையாடல் படங்கள் ஆகியவை தேவைப்படும். அருகிலுள்ள காவல் நிலையத்திலும் மாவட்ட இணையவழிக் குற்றக் காவல் நிலையத்திலும் முறையிடலாம்.

வங்கி இழப்பை ஈடு செய்யுமா என்ற கேள்வி எழலாம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தம் இரகசிய விவரங்களைப் பகிர்வது போன்ற கவனக்குறைவால் நேரும் இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சாரும். தாமே பின் எண்ணை இட்டவருக்கு ஈடு கிடைப்பது கடினம். தெரிவிப்பதில் தாமதம் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு, ஏமாற்றிப் பொருளைப் பெறுவோருக்கு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமளிக்கிறது.

வெட்கம் கருதிப் பலர் புகார் செய்வதில்லை. குறிப்பாக, பெற்றோரின் கைபேசியில் விளம்பரம் இட்ட மாணவர்கள் நடந்ததை மறைத்துவிடுவது உண்டு. மறைக்கும் நேரத்தில்தான் பணம் கைமீறிப் போகிறது. பிள்ளை தயங்காமல் சொல்லும்படி வீட்டில் நடந்துகொள்வது, பணத்தை மீட்கும் வாய்ப்பையும் கூட்டும்.