மூணு கம்பெனி, ஒரே நோட்டு

போன டிசம்பர் லீவில் ஒரு சின்ன மெஷினிங் கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். சேல்ஸ் இன்ஜினியர் அண்ணாவோட பைக்கில் பின்னாடி உட்கார்ந்து போகணும், கஸ்டமர் சொல்றதைக் குறிச்சுக்கணும், அவ்வளவுதான் வேலை. ஒரே நாளில் அம்பத்தூர் எஸ்டேட், திருமழிசை, காக்களூர். மூணு இடத்திலும் ஷாஃப்ட் பத்திதான் பேச்சு. கம்பெனி பேர் கூடப் போடாம, எல்லாத்தையும் போனில் ஒரே நோட்டில் தட்டிட்டு வந்துட்டேன்.

திருமழிசைக்காரர் கேட்ட டாலரன்ஸ் ±0.02 மி.மீ. காக்களூர்க்காரருக்கு ±0.05 போதும். நான் மாத்தி எழுதிக் கொடுத்தேன். காக்களூருக்குத் தேவைக்கு மேல நல்ல பீஸ் போச்சு, அவர் எதுவும் சொல்லலை. திருமழிசையில் 40 பீஸில் 23 ரிஜெக்ட்.

அண்ணா திட்டலை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. தன்னோட பாக்கெட் டைரியை எடுத்துக் காட்டினார். ஒரு கம்பெனிக்கு ஒரு பக்கம். பாதி காலியா இருந்தாலும் அடுத்த கம்பெனி அதில் வராது. மேலே தேதி, நேரம், பேசினவர் பேர், அவர் பர்ச்சேஸா குவாலிட்டியா என்பது. ஏன்னா பர்ச்சேஸ்காரர் "பரவாயில்ல" என்று விடுவதை குவாலிட்டிக்காரர் விடமாட்டார். பக்கத்துக்கு நடுவில் ஒரு கோடு. இடதுபக்கம் அவங்க சொன்னது, டிராயிங் நம்பர், ரிவிஷன் உட்பட அப்படியே. வலதுபக்கம் நமக்குத் தோணினது. இந்த ரெண்டும் கலந்துட்டா, ஒரு வாரம் கழிச்சு நம்ம யூகமே கஸ்டமர் கேட்ட மாதிரி தெரியும்.

இது புதுசு இல்லை. நம்ம பெரம்பூரில் 1709ல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்தவர். 1736ல் இருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கவர்னர் துய்ப்ளேக்சிடம் தான் என்ன சொன்னார், அவர் என்ன பதில் சொன்னார் என்று பேச்சைப் பேச்சாகவே எழுதி வைத்திருக்கிறார். அதுவும் அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழில். (நம்ம தங்கிலீஷைத் திட்டுறவங்க கவனிக்கவும்.)

சரி, எப்போ எழுதணும்? அடுத்த கம்பெனி கேட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி. எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து 1885ல் வெளியிட்டார்: மறதி முதல் சில மணி நேரத்தில்தான் ரொம்ப வேகம். அதோட, ஒரே மாதிரி மீட்டிங் மூணு அடுத்தடுத்து வந்தால் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். பூந்தமல்லி டிராஃபிக்கில் நின்னுட்டு யோசிச்சா எது யார் சொன்னதுன்னே வராது. டீக்கடையில் அஞ்சு நிமிஷம் போதும்.

போன் போதாதா? ஆவடி பக்கம் பாதுகாப்புத் துறை வளாகங்களுக்குப் போனால் கேட்டிலேயே போனை வாங்கி வெச்சிடுவாங்க. அதனால பேப்பர்தான். ராத்திரி அதை போட்டோ எடுத்து, 2024-12-18 என்று வருஷத்தை முதலில் வைத்து, பின்னாடி கம்பெனி பேர் சேர்த்து சேவ் பண்ணுங்க. பேர் வரிசையில் அடுக்கினாலே தேதி வரிசையும் தானா வந்துடும்.

அன்னைக்கே கஸ்டமருக்கு நாலு வரி மெயிலும் போடணும்: "இன்று பேசியது இவை, தவறு இருந்தால் சொல்லுங்கள்." நான் அதை அனுப்பியிருந்தால் திருமழிசைக்காரர் ஒரே ரிப்ளையில் திருத்தியிருப்பார். அந்த 23 பீஸில் ஒண்ணு இப்போ என் ஹாஸ்டல் மேஜையில் பேப்பர் வெயிட்டா கிடக்கு.